மண்டியிட்ட வண்டி

"ஒட்டகமா இருந்தா கழுத்துல ரெண்டு தட்டு தட்டி எழுப்பிடுவேன், மாப்பிள்ளை. இதை எங்க தட்டறது?" என்று மாமனார் கல்ஃபான் குனிந்து கேட்டார்.

ஹுமைத் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். அவனுடைய இருபத்திரண்டு வருஷப் பழைய சொகுசு வண்டி பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கி நிறுத்துகிற எண்ணெய் முழுவதையும் மணல் குடித்துவிட்டது.

இடது பின் சக்கரத்துப் பக்கம் ஒரு வருஷமாகவே சொட்டிக்கொண்டுதான் இருந்தது. சொட்டட்டும், ஆனால் இன்றைக்கா இப்படிக் காலை வாரவேண்டும்?

மஸ்கட்டிலிருந்து மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டி வந்து, மனைவி ஸுவைனாவையும் அவள் பெட்டியையும் பாலைவன ஊரான பிதியாவில் அவள் அப்பா வீட்டு வாசலில் இறக்கியிருந்தான். பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்கவே அடுத்த தெருப் பள்ளிவாசலுக்குப் போனான். தொழுதுவிட்டு வந்து அப்படியே கிளம்பிவிடுவதாக இருந்தான். திரும்பி வந்து பார்த்தால் வண்டி உட்கார்ந்துவிட்டிருந்தது.

மாப்பிள்ளை ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் வாசலோடு திரும்பினால், பெண்ணை விட்டுவிட்டான் என்று ஊருக்கே புரிந்துவிடும். "வெள்ளிக்கிழமை ஆனா அந்த வண்டிக்கு அடியிலதான் குடும்பம் நடத்தறீங்க. அதை வித்துடுங்க, இல்ல என்னை விட்டுடுங்க" என்று காலையில் அவள் சொன்னாள். "அப்போ உங்கப்பன் வீட்டுக்குப் போ" என்று இவன் சொல்லிவிட்டான். சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

பழக்க தோஷத்தில் வண்டிக்கு அடியிலிருந்து கையை நீட்டினான். ஏழு வருஷமாகக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ஸுவைனாதான் எடுத்துக் கொடுப்பாள். எந்த நம்பர் என்றுகூடக் கேட்கமாட்டாள், சரியான ஸ்பேனர் கைக்கு வந்துவிடும்.

இன்று நீட்டிய கையில் ஒன்றும் விழவில்லை. தானே பெட்டியைத் துழாவினான், பத்தாம் நம்பரைக் காணோம். வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டான்.

கடைத்தெருவிலிருந்து வந்த பதான் இனத்து மெக்கானிக் குல்ஜமான் மணலைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இந்த எண்ணெய் இங்க கிடைக்காது, அர்பாப். நாளைக்கு வெள்ளி, கடை திறக்காது. சனிக்கிழமை மஸ்கட்லேருந்து வரும். ஊத்திப் பார்த்தாத்தான் எங்க ஓட்டைன்னே சொல்ல முடியும்."

"வேணும்னா டாக்ஸி கூப்பிடட்டுமா?" என்றார் கல்ஃபான்.

"இதை இங்க விட்டுட்டா?" என்று ஹுமைத் பதறினான். வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் ணங்கென்று விழுந்தது.

"அப்போ நீங்க விருந்தாளி. நம்ம வழக்கப்படி மூணு நாள் என்ன விஷயமா வந்தீங்கன்னு நான் கேக்கமாட்டேன். உள்ள வாங்க" என்று கல்ஃபான் அவன் தோளைப் பிடித்து அழைத்துப் போனார்.

அந்த மூன்று நாளும் முள்மேல் உட்கார்ந்ததுபோல் இருந்தது அவனுக்கு. போதும் என்று கோப்பையை ஆட்டினாலும் மாமனார் காப்பியை ஊற்றினார், பேரீச்சம்பழத் தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். விட்டுவிட்டுப் போக வந்தவன், அவர் வீட்டு ஆட்டுக்கறியை முழுங்க முடியாமல் முழுங்கினான். ஸுவைனாவின் குரல் பெண்கள் பக்கத்திலிருந்து எப்போதாவது கேட்டது. அது எப்போது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான், மானங்கெட்டவன்.

சனிக்கிழமை பிற்பகல் எண்ணெய் வந்தது. குல்ஜமான் ஊற்றி எஞ்சினைப் போட்டதும் வண்டி முனகிக்கொண்டே எழுந்து நின்றது. அரை மணி நேரம் ஆகியும் அந்தப் பழைய சொட்டைத் தவிர ஒன்றும் ஒழுகவில்லை.

"ஓட்டையெல்லாம் இல்ல, அர்பாப். காத்து வெளியேத்தற திருகாணியை யாரோ திறந்து எண்ணெயை வடிய விட்டுட்டு மறுபடி மூடியிருக்காங்க. விவரம் தெரிஞ்ச கை."

ஹுமைத் திரும்பிப் பார்த்தான். தன் ஒட்டகம் எழுந்து ஓடாதபடி அதன் முன்காலை மடக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார் கல்ஃபான். கிழவரின் வேலைதான் இது! கோபம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை.

கல்ஃபான் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். "மூணு நாள் ஆச்சு. இப்ப கேக்கலாம். என்ன விஷயமா வந்தீங்க, மாப்பிள்ளை?"

வாசலில் இறக்கிய பெட்டி இன்னும் அங்கேயே கிடந்தது. ஹுமைத் அதைப் பார்த்தான். பிறகு கதவுக்குப் பின்னால் தெரிந்த கறுப்பு முக்காட்டைப் பார்த்தான்.

"ஸுவைனா உங்களைப் பார்க்கணும்னு சொன்னா, மாமா. கூட்டிட்டு வந்தேன். அவளுக்கு இஷ்டம்னா... திரும்பக் கூட்டிட்டுப் போறேன்."

கல்ஃபான் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். ஸுவைனா வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

தார்ச்சாலை வந்ததும் ஹுமைத் முதல்முறையாகச் சிரித்தான். "உங்கப்பா பலே ஆளு. ஒட்டகத்துக்குக் காலைக் கட்டற மாதிரி என் வண்டியையும் கட்டிப்போட்டுட்டாரு பாரு."

"அவருக்கு ஸ்டெப்னி டயர் எங்க இருக்குன்னே தெரியாது" என்ற ஸுவைனா கைப்பையைத் திறந்தாள்.

"இந்தாங்க, உங்க பத்தாம் நம்பர்."