இம்மி பிசகாத பெட்டி

செயற்கைக்கோள் சிக்னலைத் துண்டித்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. திரையில் பச்சைப் புள்ளி ஆணி அடித்த மாதிரி நின்றது. பக்கத்தில் 'பிழை: 0.2 மீட்டர்' என்று மின்னியது.

"பாத்துக்குங்க! மேல சேட்டிலைட் கைவிட்டாலும், பெட்டிக்குள்ள இருக்கற சென்சார் ஒவ்வொரு அசைவையும் எண்ணி, விமானம் எங்க இருக்குன்னு சொல்லிடும். மத்த கம்பெனி பெட்டின்னா இந்நேரம் வழி தெரியாம முழிச்சிட்டிருக்கும்" என்றார் இயக்குநர். முந்தின நாள் மனப்பாடம் செய்ததில் ஒரு சொல்கூட விடவில்லை.

பெட்டியை வாங்கலாமா என்று பார்க்க வந்த தேர்வுக் குழுவின் தலைவர் தலையாட்டினார். பெட்டி இருந்தது வாடகை விமானத்தில். பிழை நூறு மீட்டரைத் தாண்டினால் திட்டத்துக்கு மூடுவிழா, பன்னிரண்டு பேருக்கு வேலை போய்விடும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி, மூன்று வருடம் உயிரைக் கொடுத்து அந்தப் பெட்டிக்குக் கணக்கு எழுதிய பொறியாளர். மெல்ல இயக்குநரின் காதருகே குனிந்தாள்.

"சார், பெட்டி இவ்வளவு நல்லா வேலை செய்யக் கூடாது சார்."

"என்னம்மா உளர்றே?"

"என் கணக்குப்படி அறுபது மீட்டராவது தப்பா காட்டியிருக்கணும். அப்பவும் நாம பாஸ்தான். வேகம் காட்டற கட்டத்தைத் திரும்பத் திரையில போடட்டுமா?"

"வந்தவங்களைக் குழப்ப வேண்டாம்னுதானே அதை எடுக்கச் சொன்னேன்? நல்லா போயிட்டிருக்கும்போது ஏன் மண்ணள்ளிப் போடறே? வாயத் திறக்காம உட்காரு."

உட்கார்ந்தாள். அந்த அலுவலகத்தில் இயக்குநர் வாய் திறக்காமல் மின்விசிறிகூடச் சுற்றாது. அவர் திறந்துவிட்டால் மற்ற வாய்களுக்கெல்லாம் விடுமுறை.

மூலையில், கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப் பையில் செருகிய ஒருவர் மூன்றாவது காபியில் இருந்தார். இயக்குநர் அவருக்கு மட்டும் தன் கையாலேயே பிஸ்கட் தட்டை நீட்டினார். எந்தக் குழுவிலும் பேசாமல் இருப்பவன்தான் பெரிய ஆள் என்பது அவருடைய நீண்ட கால அனுபவம்.

தலைவர் கையெழுத்துப் போட்டார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு துல்லியத்தைப் பார்த்ததில்ல!"

"எல்லாம் ராத்திரி பகலா நான் யோசிச்சதுங்க" என்று இயக்குநர் நெளிந்தார். கைதட்டல் அடங்கவே ஒரு நிமிடம் ஆனது. பொறியாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய மூன்று வருட உழைப்பைப் பற்றி ஒரு மூச்சுகூட இல்லை.

இயக்குநர் நேரே மூலைக்குப் போய்க் கைகூப்பினார்.

"சார், நீங்கதான் ஒரு வார்த்தைகூடச் சொல்லல. உங்க அபிப்ராயம்?"

அவர் கோப்பையை வைத்துவிட்டு மரியாதையாக எழுந்தார்.

"நீங்க சொல்லாம நகரக் கூடாதுன்னு உத்தரவு, அதான் காத்திட்டிருக்கேன் சார். இப்ப பிளேனைக் கிளப்பட்டுமா?"