குலுங்கும் ஸ்டீயரிங்

“இது வேண்டாம். இதுல குலுக்கலே இல்லை.”

நெலிதா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

கடைக்காரர் ஊகோவுக்கு ஒன்றும் புரியவில்லை. கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஆடுகிறவர்களுக்கு ஸ்டீயரிங்கும் பெடலும் விற்கிற கடை அவருடையது. குலுக்கல் போதவில்லை என்று இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

“கடையிலேயே உசத்தி இதுதாம்மா. வளைவுல மட்டும் கையில கனம் தெரியும். நேர் ரோட்ல பட்டு மாதிரி போகும்.”

“பட்டு மாதிரி போறது ஒண்ணு வீட்ல இருக்கு. அதைத் தூக்கிப் போடத்தான் வந்திருக்கேன். நேர் ரோட்லயும் குலுங்கற மாதிரி ஒண்ணு காட்டு.”

கேபிள் வாங்க வந்திருந்த ஆல்சீதெஸ் திரும்பிப் பார்த்தார். நெலிதாவின் கணவர் ஓமாரின் சிநேகிதர் அவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஓமாரையும் சேர்த்து நாலு சிநேகிதர்கள் அவர் வீட்டில் கூடி, இறைச்சி சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஒரே ஸ்டீயரிங்கில் மாற்றி மாற்றிப் பந்தயம் ஓட்டுவார்கள்.

“ஏன் நெலிதா, உன் புருஷன் முதுகு வலின்னு சொல்லி ரெண்டு வாரமா ஓட்டவே உட்காரல. குலுங்கற ஸ்டீயரிங்கை வேற மாட்டினா ஆட்டத்தையே விட்டுருவான்.”

“இந்த ஞாயிறு உட்காருவாரு. நான் உட்கார வைக்கிறேன்.”

“உட்கார்ந்தா தோத்துருவானே!”

“தோக்கட்டும்.”

ஆல்சீதெஸ் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“கேட்டியா ஊகோ! செவ்ரோலே வீட்டுப் பொண்ணு பேசறா! இத்தனை வருஷம் ஃபோர்டுக்காரனோட குடித்தனம் பண்ணியும் ரத்தம் மாறலை பாரு!”

ஊகோவுக்கு இப்போது விளங்கியது. பால்கார்சே ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கார் பந்தயம் என்றால் ஒரு வீடு ஃபோர்டு கார் கட்சி, அடுத்த வீடு செவ்ரோலே கார் கட்சி. ஓமார் பரம்பரை ஃபோர்டு. நெலிதாவோ கல்யாணத்தன்று ஃபோர்டில் ஏற மாட்டேன் என்று கல்யாண உடுப்போடு சர்ச்சுக்கு நடந்தே போனவள்.

இருந்தாலும் ஊகோவுக்கு மனசு கேட்கவில்லை.

“தப்பா நினைக்காதீங்கம்மா. பாவம், ஓமாருக்கு இருக்கற ஒரே சந்தோஷம் அந்த ஞாயித்துக்கிழமைதான்.”

“எனக்குத் தெரியாதா? நீ காட்டு.”

அலமாரிக்கு அடியிலிருந்து ஒன்றை இழுத்துத் தூசு தட்டினார்.

“பல்சக்கரம் வச்ச பழைய மாடல். வாங்கின ரெண்டு பேரும் கை வலிக்குதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க.”

மாட்டினார். திரையில் கார் நேர் ரோட்டில் பாய்ந்தது. ஸ்டீயரிங் கடகடவென்று ஆடியது. நெலிதாவின் மணிக்கட்டு ஆடியது, காதுத் தொங்கட்டான் ஆடியது. வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது.

“இன்னும் கூட்ட முடியுமா?”

“முடியும். ஆனா எதுக்கும்மா...”

“கூட்டு. ஆல்சீதெஸ், நீ வந்து பிடி.”

ஆல்சீதெஸ் உட்கார்ந்து பிடித்தார்.

“அடேயப்பா! மாவு சலிக்கற மாதிரி இருக்கு! எந்தப் பைத்தியக்காரன் செஞ்சான் இதை?”

நெலிதா திரையைப் பார்க்கவே இல்லை. குனிந்து அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போதும். இதையே கட்டு.”

ஊகோவுக்கு எரிச்சலாக இருந்தது.

“பெடலும் இதே லட்சணத்துல லொடலொடன்னு ஒண்ணு கிடக்கு. தரட்டுமா?”

“பெடல்ல விளையாடாதே. இருக்கறதிலேயே நல்லதாக் குடு. கால் எவ்வளவு அழுத்துதோ, பிரேக் அவ்வளவு பிடிக்கணும்.”

ஊகோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். கைக்குக் குப்பை, காலுக்கு முதல் தரம். இது என்ன கணக்கு?

“ஞாயித்துக்கிழமை ஜெயிக்கப்போறது நான்தான்!” ஆல்சீதெஸ் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். “சொந்தப் பொண்டாட்டியே கவுத்துட்டான்னு ஊர் பூரா சொல்லப்போறேன்.”

“தாராளமாச் சொல்லு.”

கதவு மூடியது. ஊகோ பெட்டியைக் கட்டினார். கடைசியில் அடக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

“முதுகு வலிக்காரர் மேல இவ்வளவு வன்மம் வேணுமாம்மா?”

நெலிதா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஆல்சீதெஸ் தெரு திரும்பும்வரை பேசவில்லை.

“முதுகுல ஒண்ணும் இல்லை. கைதான். நடுங்க ஆரம்பிச்சிருச்சு. இனிமே நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. காலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா சிநேகிதங்க கையைப் பார்த்துருவாங்கன்னு ஸ்டீயரிங் கிட்டயே போக மாட்டேங்கறாரு.”

“அப்புறம் எதுக்கு இந்தக் குலுங்கற...” என்று ஆரம்பித்த ஊகோ பாதியில் நிறுத்தினார்.

அவள் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை என் வீட்ல நாலு பேர் கையும் நடுங்கணும், ஊகோ. அவர் கை மட்டும் தனியா நடுங்கக் கூடாது.”