வழக்கமான நடை

ஒற்றைக் காலில் முப்பது விநாடி நிற்கச் சொன்னார்கள். மீட்டர்காரர் நின்றார். அடுத்த முப்பதுக்குக் காலை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டு சிஸ்டரைச் சிரிக்கவும் வைத்தார்.

அதற்கு முன் கைப்பிடி வலுவை அளக்கும் கருவியை அவர் அழுத்திய அழுத்தில், அது உடையவில்லை என்று பார்த்த பிறகுதான் சிஸ்டர் எண்ணைக் குறித்தார். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழச் சொன்னதற்கு ஏழு முறை எழுந்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போனவரை, போதும் ஐயா என்று நிறுத்த வேண்டியிருந்தது.

எல்லாக் கட்டத்திலும் பச்சை.

ஓரமாகக் கைகட்டி உட்கார்ந்திருந்த மகளை ஒரு பார்வை பார்த்தார். எழுபத்தாறு வயசுக்கு மூன்றாவது மாடி என்ன வேண்டிக்கிடக்கிறது, விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று மாசக்கணக்கில் அரித்தவள் அவள்தான். இந்த முதியோர் சோதனையில் எல்லாம் பச்சையென்றால் அவர் அந்த வீட்டிலேயே இருக்கலாம். ஒரே ஒரு சிவப்பு விழுந்தாலும் காலி செய்துவிட்டு அவளோடு கிளம்பிவிட வேண்டும். அப்பாவுக்கும் மகளுக்கும் அப்படித்தான் பேச்சு.

மிச்சமிருந்தது நடை. தரையில் நான்கு மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. ஓட வேண்டாம், தினமும் எப்படி நடப்பீர்களோ அப்படி நடங்கள், மூன்று வாய்ப்பு உண்டு என்றார் சிஸ்டர்.

முப்பத்தைந்து வருடம் வீடு வீடாகப் படியேறி மின்சார மீட்டர் பார்த்த கால்கள். இதற்கெல்லாமா மூன்று வாய்ப்பு என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே நடந்தார்.

ஒன்பது விநாடி.

ஐந்தைத் தாண்டினாலே சிவப்பாம்.

இரண்டாவது முறையும் ஒன்பது. முழங்கால் வலியா, தலைசுற்றலா, விழுந்துவிடுவோம் என்ற பயமா? எதுவுமில்லை. சும்மா ஒரு சோதனைக்கு, கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிப்பதாக நினைத்து நடக்கச் சொன்னார் சிஸ்டர். மூன்றே விநாடியில் எதிர்ச் சுவரில் முட்டப் போனார். ஆனால் படிவத்தில் ஏறுவது வழக்கமான நடை மட்டும்தான்.

கொஞ்சம் குறைத்துப் போடுங்களேன் என்று எத்தனை வாசலில் அவரிடம் கெஞ்சியிருப்பார்கள். ஒரு யூனிட் குறைத்தவரில்லை. இன்றைக்கு அதே வார்த்தை அவர் நாக்கு நுனியில் வந்து நின்றது.

மகள் எழுந்து வந்தாள். இவ்வளவு நேரமும் அவள் பார்த்தது அவர் காலை அல்ல, இடது கையை. நடக்கும்போதெல்லாம் அது முழங்கையில் மடங்கி, உடம்பைவிட்டு விலகி, இன்னொருவர் பிடித்துக்கொள்ள வாகாக நின்றது.

"அது அப்பாவோட நடை இல்ல சிஸ்டர். எங்கம்மாவோட நடை."

பக்கவாதத்துக்குப் பிறகு ஆறு வருடம், காலையும் மாலையும், அந்த மாடி வீட்டுக்குள் இந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா நடந்தாள் என்று விளக்கினாள்.

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். மடங்கித்தான் இருந்தது.

அடுத்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்களையும் பார்த்துவிடலாம் என்றார் சிஸ்டர். அவர் கோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்னும் ஒரு வாய்ப்பு பாக்கி. சூட்சுமமும் பிடிபட்டுவிட்டது. கையைத் தொங்கவிட்டு வீசி நடந்தால் நாலே விநாடி. பச்சை. வீடு மிஞ்சும்.

கோட்டில் நின்று கையைத் தொங்கவிட்டார். இரண்டடி வீசி வைத்தார்.

நின்றுவிட்டார்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பின்தங்கிவிட்ட ஒருவர் வந்து சேரட்டும் என்பதுபோல் காத்திருந்தார். பிறகு கையை மடக்கிக்கொண்டு, மெதுவாக, மிச்ச தூரத்தை நடந்து முடித்தார்.

பன்னிரண்டு விநாடி.

"சிவப்பே போட்டுக்குங்க சிஸ்டர்," என்றாள் மகள். "அவர் அந்த வீட்டுலயே இருக்கட்டும். அம்மா போயி பத்து மாசந்தான் ஆகுது."