தலையை வெளியே நீட்டாதீர்

வான்கோழிக் கொட்டகையின் ஜன்னலை என் அண்ணன் படுக்கையறை ஜன்னலுக்கு நேராகத்தான் வைத்தேன். வேண்டுமென்றே வைத்தேன். அதை நான் யாரிடமும் மறைக்கவில்லை.

எங்கள் அப்பா வீடு இரண்டாகப் பிரிந்து ஒன்பது வருடம் ஆகிறது. நடுவில் ஆள் உயரச் சுவர். அந்தப் பாதியில் அவன் மட்டும். மகள் கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போன பிறகு இந்தப் பாதியில் நான் மட்டும்.

பாகம் பிரிக்கும்போது அப்பாவின் மூங்கில் ஏணியை அவன் எடுத்துக்கொண்டான். அன்றோடு பேச்சு நின்றது.

"ஏணியை எப்படிடா ரெண்டாப் பிரிக்கிறது?" என்று கேட்டான்.

பன்னிரண்டு படி. குறுக்கே அறுத்தால் ஆளுக்கு ஆறு. இதுகூடத் தெரியாதவன் எனக்கு அண்ணன்.

நான் முப்பது வருடம் பஸ் பாடி கட்டியவன். தகரத்தைத் தட்டித் தட்டிக் காது பாதி போய்விட்டது, தொழில் போகவில்லை. ஓடாத பஸ் ஒன்றின் பாதியை வாங்கி வந்து, ஜன்னல் சுவருக்கு மேல் தெரியும்படி நாலு கால் வைத்துத் தூக்கி நிறுத்தினேன். ஏணி இல்லாததால் டிரம்மின் மேல் நின்றே முழு வேலையும் செய்தேன். அதையும் நான் மறக்கவில்லை.

ஆட்கள் பிடித்து நிற்கும் கம்பியில் இப்போது வான்கோழிகள் உட்கார்ந்து தூங்குகின்றன. ஒரு சீட்டையும் எடுக்காமல் விட்டேன். ஜன்னலுக்கு மேல் வெளிப்பக்கம் எழுதியிருந்ததையும் அழிக்கவில்லை: 'கை, தலையை வெளியே நீட்டாதீர்'. அதற்குக் கீழே மூன்று தலைகள் எப்போதும் வெளியேதான்.

காலை ஆறு மணிக்கு அண்ணன் இருமுவான். உடனே மூன்றும் சேர்ந்து கொளகொளவென்று பதில் கொடுக்கும். நான் எழுந்து வந்து, "சனியன்களா, வாயை மூடுங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டுவேன்.

ஏழு மாதம் இப்படிப் போனது. அப்புறம் நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி மனுவோடு வந்து நின்றார். கூடவே இரண்டு வேலையாட்கள், என் மகள்.

"'இருமும் முதியவரைக் கேலி செய்யும்படி பறவைகளைப் பழக்கியுள்ளார்.' பதினாலு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க, ஐயா."

"யார் அந்தப் பதினாலு பேர்?"

"நாலாவது கையெழுத்து உங்க பொண்ணோடது."

அவள் தலையைக்கூடக் குனியவில்லை. "பெரியப்பா இருமறதைக்கூட விடமாட்டீங்களா அப்பா? ஒரு ஏணிக்காகவா?"

"ஒரு ஏணி இல்ல. பன்னிரண்டு படி."

அதிகாரி நடுவில் புகுந்தார். "ஜன்னல் உங்க வீட்டைப் பார்க்கிற மாதிரி கொட்டகையைத் திருப்பி வெச்சுடுங்க. விஷயம் முடிஞ்சுது."

"முடியாது. காத்து வராது."

"இந்தப் பக்கம்தான் நல்லா வருது."

"வெயில் அடிக்கும்."

"மரம் இருக்கே."

"அதுங்களுக்கு என் மூஞ்சி பிடிக்காது."

"அப்போ பிரிச்சுட வேண்டியதுதான்" என்று வேலையாட்களுக்குக் கண் காட்டினார். அவர்கள் ஸ்பேனரை எடுத்ததும் நான் கொட்டகைக்குள் ஏறி சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அதிகாரி பின்னாலேயே ஏறி வந்து வாசலில் நின்றார்.

"படியில நிக்காதீங்க, உள்ள வாங்க" என்று தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தேன். "கதவைச் சாத்துங்க. என் பொண்ணு காதுல விழக்கூடாது."

சாத்தினார்.

"அவன் ஒண்டிக்கட்டை சார். அண்ணி போய் மூணு வருஷமாச்சு. உள்ள விழுந்து கிடந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது. போய்ப் பார்க்கலாம்னா பேச்சு இல்ல. அவன் இருமல் என் காதுக்கு எட்டாது, இதுங்க கத்தறது எட்டும். கத்தினா அவன் எழுந்துட்டான்னு அர்த்தம். ஒரு நாள் கத்தலேன்னா டிரம்மு மேல ஏறிச் சுவரைத் தாண்டிடுவேன். ஜன்னலைத் திருப்பிட்டா இதுங்களுக்கு எங்க கேக்கப்போகுது?"

அதிகாரி கொஞ்ச நேரம் வான்கோழிகளையே பார்த்தார். "இதை எல்லார்கிட்டயும் சொல்லிடலாமே ஐயா?"

"சொன்னா ஏணி விஷயத்துல அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்."

"அவரே ஆட்சேபணை இல்லேன்னு சொன்னாத்தான் நான் மனுவை மூட முடியும்" என்று எழுந்தவர், ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டி அண்ணனைக் கூப்பிட்டார். அந்த எழுத்துக்குக் கீழே இப்போது நாலு தலை.

அண்ணன் அவன் ஜன்னலுக்கு வந்து ஏதோ சொன்னான். நிறையச் சொன்னான். எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஆனால் நல்லதாக ஒன்றும் இருக்காது என்று வாயசைவிலேயே தெரிந்தது.

அதிகாரி தலையை உள்ளே இழுத்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"என்ன, பிரிக்கச் சொல்றானா?"

"பிரிச்சா என்மேல கேஸ் போடுவாராம்." என் காதருகே குனிந்தார். "அவருக்கு இருமல் சரியாகி ஆறு மாசமாச்சாம்."

"பொய். தினமும் இருமறான்."

"வேணும்னே இருமறாராம். அப்போதான் இதுங்க கத்துமாம். இதுங்க கத்தினாத்தான் நீங்க வந்து திட்டுவீங்களாம். உங்க திட்டு காதுல விழுந்த பிறகுதான் டீயைக் கையில எடுப்பாராம். 'அவனும் ஒண்டிக்கட்டைதானே'ங்கறார்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"அந்த ஏணியை நடுச் சுவர்லதான் சாத்தி வெச்சிருக்கார் ஐயா. என்னைக்காவது திட்டு கேக்கலேன்னா ஏறி வர்றதுக்கு."

மறுநாள் காலை ஆறு மணிக்கு மூன்றும் கத்தின. அவன் டீ ஆறிவிடப் போகிறதே என்று, முகம்கூடக் கழுவாமல் ஓடிவந்து திட்டினேன்.