தவசிக்கனி விலக்கு

பட்டாளத்துக்குப் போன தவசிக்கனி எல்லைச் சண்டையில் இறந்த பிறகு, ஊருக்குப் பாதை பிரியும் விலக்கிலிருந்த பஸ் நிறுத்தத்துக்கு அவன் பெயரையே வைத்தார்கள். பலகை திறந்த அன்று ஊரே கைதட்டியது. மறுநாள் பஸ்ஸில் டிக்கெட் கேட்க வாய் திறந்தபோதுதான் அவன் மனைவி பூரணத்துக்கு உறைத்தது. கூடி வாழ்ந்த காலத்தில் புருஷன் பெயரை ஒருநாளும் அவள் வாயால் சொன்னதில்லை. அன்றிலிருந்து அடுத்த நிறுத்தமான பாலத்துக்கு டிக்கெட் எடுத்து, விலக்கிலேயே இறங்கிக்கொள்வாள்.

புதிதாக வந்த கண்டக்டருக்கு இது பிடிபடவில்லை. "பாலத்துக்கு எடுத்துட்டு இங்க ஏம்மா எறங்குதீங்க?"

பின்சீட்டுப் பூக்காரி சிரித்தாள். "அது அவ வீட்டுக்காரர் பேருல்லா. எப்படிச் சொல்லுவா?"

கண்டக்டர் நல்ல மனுஷர். மறுநாள் கேட்காமலே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். விலக்கு வந்ததும், அவள் மனம் நோகுமோ என்று, வழக்கமாகக் கூவும் பெயரைக் கூவாமல் விசிலை மட்டும் ஊதினார். பஸ் நின்றது. பூரணம் எழுந்திருக்கவில்லை. காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

"எறங்கலையாம்மா? ஸ்டாப்பு வந்தாச்சு."

"எந்த ஸ்டாப்பு?"

"தவசிக்கனி விலக்கு" என்றார் அவர், தணிந்த குரலில்.

"சத்தமாச் சொன்னாத்தான கேக்கும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி கூவினார். "தவசிக்கனீ..."

பூரணம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"இந்தா வாரேன்" என்றாள்.