முன்னூறு லிட்டர்

தலை முழுக்க ஷாம்பு நுரை. குழாய் ஒரு விக்கல் விக்கிவிட்டு நின்றுபோனது. கண்ணைத் திறக்க முடியாமல் அவர் உள்ளிருந்தே குளியலறைக் கதவைத் தட்டினார்.

“தண்ணி வரலையே.”

“இன்னிக்குப் பங்கு முன்னூறு லிட்டரும் தீந்துபோச்சு. விழாவுக்குப் போற காராச்சேன்னு என் தம்பி கழுவித் தொலைச்சுட்டான்” என்றாள் மனைவி.

“பக்கத்து வீட்டுல ஒரு வாளி கேளேன்.”

“போன வாரம் அவங்க கேட்டப்போ சட்டம் பேசினீங்களே. எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?”

நீர் வாரியத்துக்குப் போன் போட்டு, கதவிடுக்கில் நீட்டினாள்.

“ரெண்டு வாளி போதும்மா. வால்வைத் திறந்து விடுங்க. கண்ணு எரியுது.”

“ரெண்டு வருஷமா மழை பொய்ச்சுப் போச்சு சார். வால்வு தானா மூடிக்கும், நாளைக் காலையில ஆறு மணிக்குத் தானா திறக்கும். யாருக்கும் விலக்கு கிடையாது” என்று ஒப்பித்தாள் வாரியத்துப் பெண்.

“இன்னிக்குப் பத்து மணிக்கு நான் மேடையில விருது வாங்கணும்மா.”

“துடைச்சுட்டுப் போங்க சார்.”

நுரை காய்ந்து நெற்றியை இழுத்தது. இவ்வளவு நேரம் மென்று விழுங்கியதை வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டார்.

“இந்த வால்வுத் திட்டத்தைப் போட்ட தலைமைப் பொறியாளரே நான்தாம்மா.”

அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது.

“பயிற்சியிலேயே அவர் சொல்லியிருக்கார் சார். நான்தான் தலைமைப் பொறியாளர்னு யாராவது கூப்பிடுவாங்க, பேச்சு கொடுக்காம வச்சிடுங்கன்னு.”

வைத்துவிட்டாள்.