திரும்பிப் பார்த்த ரெய்டர்

இறுதி ஆட்டத்தின் கடைசி ரெய்டுக்கு இசைவாணியை அனுப்பினேன். என் கபடி அணியில் எல்லோர் காதிலும் ஒரு கருவி உண்டு. எந்தக் காலை எடுத்து வைப்பது, யாரைத் தொடுவது, எப்போது கோட்டுக்கு ஓடி வருவது என்று என் குரலிலேயே அது தானாகச் சொல்லிக்கொண்டிருக்கும். களத்தில் மட்டுமல்ல, அவரவர் வீட்டிலும்தான். வீராங்கனைகளைச் செதுக்குகிறவர் என்று எனக்குச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள்.

அவள் கோட்டைத் தாண்டியதும் கருவி நின்றுபோனது. கபடி, கபடி என்று பாடிக்கொண்டே, எதிரணிக்கு முதுகைக் காட்டி, என்னைத் திரும்பிப் பார்த்தாள். நேற்று ஆட வந்தவள்கூடச் செய்யாத தப்பு. கணுக்காலைப் பிடித்துச் சாய்த்துவிட்டார்கள். தோற்றோம்.

"கார்னர்ல நின்னவ தடுமாறினாளே, கண்ணு தெரியலையா? உனக்கே ஒண்ணும் தோணலையா?" என்று கத்தினேன்.

"தெரியலை சார்" என்று தேம்பினாள். "எனக்கு என்ன தோணியிருக்கும் சார்?"

அந்த நேரம் பார்த்துக் கருவிக்கு உயிர் வந்தது. அவள் காதிலிருந்து என் குரல் மெல்லக் கேட்டது: "போதும், அழாதம்மா."

குழாயை மூடியதுபோல் அழுகை நின்றது.

கேலரியில் அவளுடைய அம்மா நின்றிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.